அம்மாவாகும் வயது: தமிழ்த் திரையில் நடிகைகளின் வயதுக் கணக்கு

1975இல் வெளிவந்த கே. பாலசந்தரின் ‘அபூர்வ ராகங்கள்’ ரஜினிகாந்துக்கு முதல் படம். அதில் அவர் ஸ்ரீவித்யாவின் கணவர். பதினாறு ஆண்டுகள் கழித்து மணிரத்னத்தின் ‘தளபதி’யில் (1991) அதே ஸ்ரீவித்யா அவருக்குத் தாய். ரஜினி பிறந்தது 1950 டிசம்பரில், ஸ்ரீவித்யா பிறந்தது 1953 ஜூலையில். அதாவது தாயைவிட மகன் இரண்டரை வயது மூத்தவர். இது தனித்த ஓர் உதாரணம் அல்ல. ‘அவர்கள்’ (1977) படத்தில் ரஜினியின் மனைவியாக வந்த சுஜாதா ‘பாபா’வில் (2002) அவருக்குத் தாய். ‘நெற்றிக்கண்’ (1981) படத்தில் மனைவியாக வந்த லட்சுமி ‘படையப்பா’வில் (1999) தாய். சுஜாதா, லட்சுமி இருவருமே 1952 டிசம்பரில் பிறந்தவர்கள், ரஜினிக்கு இரண்டு வயது இளையவர்கள்.

கதாநாயகன் கதாநாயகனாகவே நீடிக்க, அவனுடைய ஜோடி மட்டும் ஏன் இவ்வளவு சீக்கிரம் அம்மாவாகிறாள்? இந்தக் கேள்விக்குத் தயாரிப்பாளர்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். பெண்ணியத் திறனாய்வாளர்கள் வேறொன்று சொல்கிறார்கள். சமூக வழக்கத்தைக் காரணம் காட்டுகிறவர்கள் உண்டு, பணம் யார் கையில் என்று கேட்கிறவர்களும் உண்டு. இந்தப் பதில்கள் ஒவ்வொன்றும் எங்கிருந்து வந்தன, எந்த அளவுக்குத் தாங்கும் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

மேடையிலிருந்து வந்த பழக்கம்

வயதுத் தடை சினிமா கண்டுபிடித்தது அல்ல. நாடகாசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் காலத்துப் பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் ஸ்திரீ பார்ட் போட்டவர்கள் சிறுவர்கள். மகரக்கட்டு உடைந்து குரல் தடித்ததும் பெண் வேடம் கைவிட்டுப் போகும். நாயகி என்றால் இளமை, இளமை போனால் வேடமும் போகும் என்ற விதி அங்கே ஆண் பிள்ளைகளுக்குத்தான் முதலில் பொருந்தியது. ஆனால் அவர்களுக்கு அடுத்த படி இருந்தது. ஸ்திரீ பார்ட்டை விட்டவன் ராஜபார்ட்டுக்குப் போகலாம். சிவாஜி கணேசன் அப்படி வளர்ந்தவர்தான். நடிகைகள் மேடைக்கும் திரைக்கும் வந்தபோது முதல் விதி அவர்களுக்கு வந்துசேர்ந்தது, அடுத்த படி வரவில்லை.

முதல் தமிழ்ப் பேசும்படமான ‘காளிதாஸ்’ (1931) நாயகி டி.பி. ராஜலட்சுமி, திருவையாற்றுக்காரர். ‘மிஸ் கமலா’வை (1936) அவரே இயக்கினார். அவருக்குப் பின் திரைக்கு வந்த கண்ணாம்பா 1942இல் ‘கண்ணகி’, 1954இல் ‘மனோகரா’வில் சிவாஜியின் தாய், 1956இல் ‘தாய்க்குப் பின் தாரம்’ படத்தில் எம்.ஜி.ஆரின் தாய். கண்ணாம்பா பிறந்தது 1911, எம்.ஜி.ஆர். 1917. ஆறு வயது மூத்தவர் தாயாகலாம் என்பது அப்போதே ஏற்கப்பட்ட கணக்கு. பிறகு அந்த ஆறும் குறைந்து, பூஜ்யத்துக்குக் கீழே போயிற்று. ‘அருணாச்சலம்’ (1997) படத்தில் ரஜினிக்குப் பாட்டியாக வந்த வடிவுக்கரசி, அவரைவிடப் பல வயது இளையவர்.

தலைகீழ்க் கணக்கும் உண்டு. பாலசந்தரின் ‘மூன்று முடிச்சு’ (1976) வெளிவந்தபோது ஸ்ரீதேவிக்கு வயது பதின்மூன்று. கதையின் முடிவில் அவர் ரஜினி பாத்திரத்துக்குச் சிற்றன்னை. பாலசந்தரைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. பெண்ணின் மனத்தை அவரளவு கூர்ந்து பார்த்த இயக்குநர்கள் குறைவு. அவர் படத்திலேயே இப்படி என்றால், நடிகையின் உண்மையான வயதைத் தமிழ் சினிமா ஒரு தகவலாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

இரட்டை வேடம் என்னும் சான்று

வயது பேதத்தை நிறுவப் பொதுவாக ஜோடிகளின் வயது வித்தியாசத்தைக் கணக்கிடுவார்கள். ‘ஆயிரத்தில் ஒருவன்’ (1965) வெளியானபோது ஜெயலலிதாவுக்கு 17, எம்.ஜி.ஆருக்கு 48. ‘எஜமான்’ (1993) படத்தில் மீனாவுக்கு 16, ரஜினிக்கு 42. அந்த மீனா ‘அன்புள்ள ரஜினிகாந்த்’ (1984) படத்தில் ரஜினியோடு குழந்தையாக நடித்தவர். இந்த எண்கள் அதிர்ச்சி தருகின்றன, ஆனால் விளக்கம் தருவதில்லை. வித்தியாசம் இருக்கிறது என்பதோடு நின்றுவிடுகின்றன.

அவற்றைவிடத் தெளிவான சான்று தந்தை–மகன் இரட்டை வேடப் படங்களில் இருக்கிறது என்பது என் கருத்து. ‘தெய்வ மகன்’ (1969) படத்தில் தந்தையும் இரண்டு மகன்களும் சிவாஜியே. மனைவியும் தாயுமாக வருகிறவர் பண்டரிபாய், ‘பராசக்தி’ (1952) படத்தில் அதே சிவாஜிக்குக் காதலியாக நடித்தவர். மகனுக்கு ஜோடி 21 வயது ஜெயலலிதா. ‘நெற்றிக்கண்’ணில் தந்தையும் மகனும் ரஜினி. ஒருவருக்கு மனைவியாகவும் இன்னொருவருக்குத் தாயாகவும் வந்த லட்சுமிக்கு அப்போது 28 வயது. ‘அபூர்வ சகோதரர்கள்’ (1989) படத்தில் சேதுபதியும் அப்புவும் ராஜாவும் கமல்ஹாசன். ஸ்ரீவித்யா சேதுபதிக்கு மனைவி, மற்ற இருவருக்கும் தாய். ராஜாவுக்கு ஜோடி கௌதமி. ‘வாரணம் ஆயிரம்’ (2008) படத்தில் 33 வயது சூர்யா இருவராக வருகிறார், 32 வயது சிம்ரன் ஒருவருக்கு மனைவி, மற்றவருக்குத் தாய்.

நான்கு படங்களையும் அடுத்தடுத்து வைத்தால் ஒரு வடிவம் தெரிகிறது. நாயகனின் உடல் ஒரே நேரத்தில் இரண்டு வயதையும் தாங்குகிறது. மூப்பு அவனுக்கு ஒப்பனை, இளமைதான் அவனுடைய சொந்த முகம் என்று படம் நம்பச் சொல்கிறது. நாயகியின் உடலுக்கு ஒரே வயதுதான் தரப்படுகிறது. நாயகன் பாதி வயது இளைஞனாகத் திரும்பி வரும்போது அவனுக்காக வேறொரு பெண்ணைக் கொண்டுவருகிறார்கள். நாற்பது ஆண்டுகள், நான்கு இயக்குநர்கள், நான்கு வகைக் கதைகள். கணக்கு மட்டும் மாறவில்லை. நியாயமாகச் சொன்னால் கடைசிப் படத்தில் சிம்ரனுக்குக் கல்லூரிக் காலக் காட்சிகளும் ஒரு பாடலும் கிடைத்தன.

எதிர்ச் சான்றும் இருக்கிறது. 1970இல் வந்த ‘காவியத் தலைவி’யில் தாய், மகள் இரண்டு வேடங்களையும் சௌகார் ஜானகியே செய்தார். அவருக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. படத்தைத் தயாரித்தவரும் அவர்தான். இந்தக் கடைசித் தகவலின் எடை பின்னால் தெரியும்.

‘ஜனங்க பார்க்க மாட்டாங்க’

தயாரிப்புத் தரப்பின் பதில் எளிமையானது. பிசினஸ் ஹீரோவை வைத்து நடக்கிறது, கதாநாயகி புதுமுகமாக இருந்தால் போஸ்டருக்கு நல்லது, ‘மார்க்கெட் போன’ நடிகையை ஜோடியாகப் போட்டால் ஜனங்கள் பார்க்க மாட்டார்கள். வட்டி கட்டிப் படம் எடுப்பவரின் பயத்தை அலட்சியம் செய்வது சுலபம், நியாயம் அல்ல.

ஆனால் இந்தப் பதிலுக்கு எதிராக வசூல் வரலாறே நிற்கிறது. ஜெமினியின் ‘ஔவையார்’ (1953) படத்தை நாற்பத்தைந்தை நெருங்கிய கே.பி. சுந்தராம்பாள் தன் தோளில் சுமந்தார். ‘தில்லானா மோகனாம்பாள்’ (1968) வந்தபோது பத்மினிக்கு 36 வயது. திருமணமாகித் திரும்பி வந்தவர். மோகனாம்பாளாக வேறொருவரை இன்று யாரும் கற்பனை செய்வதில்லை. ஏவி.எம்மின் ‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ (1988) மனோரமாவின் படம், அவர் பெயருக்காக ஓடிய படம். ‘36 வயதினிலே’ (2015) ஜோதிகாவைத் திருமணத்துக்குப் பிறகு திரைக்குத் திருப்பிக் கொண்டுவந்தது. வயதைக் காரணம் காட்டி ஒரு பெண்ணின் கனவு மறுக்கப்படுவதே அதன் கதை.

இந்த நான்கைந்து படங்கள் சந்தை வாதத்தை முற்றாகப் பொய்ப்பித்துவிடாது. வெற்றி பெற்றவை நினைவில் நிற்கும், தோற்றவை மறந்துபோகும். இன்னொரு சிக்கலையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வயது கூடிய பெண்ணை மையமாக வைத்த படம் பெரும்பாலும் சிறு முதலீட்டில், குறைந்த திரைகளில், திருவிழா இல்லாத வாரத்தில் வருகிறது. வசூல் குறைந்ததும் அதுவே ‘பார்த்தீர்களா’ என்று ஆதாரமாகிறது. காரணமும் விளைவும் இப்படி ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சுற்றும்போது ரசிகரின் உண்மையான விருப்பத்தைப் பிரித்தெடுப்பது கடினம். ‘தக் லைஃப்’ (2025) வந்தபோது எழுபது வயது கமலுக்கும் நாற்பத்திரண்டு வயது த்ரிஷாவுக்கும் இடையேயான வித்தியாசத்தைக் குறை சொன்னவர்கள் ரசிகர்களே.

பார்வையின் கதை

இரண்டாவது பதில் மேற்கிலிருந்து வந்தது. மூப்பு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே தராசில் நிறுக்கப்படுவதில்லை என்று சூசன் சாண்டாக் 1972இல் எழுதினார். ஆணுக்கு முதிர்ச்சி மதிப்பைக் கூட்ட, பெண்ணுக்கு அது தகுதியைக் குறைக்கிறது என்பது அவர் வாதம். 1975இல் லாரா மல்வி, வணிக சினிமாவின் கேமரா ஆணின் கண்ணாக நின்று பெண்ணைக் காட்சிப்பொருளாக்குகிறது என்றார். இரண்டையும் சேர்த்தால், பார்க்கப்படுவதற்காகவே திரையில் இருப்பவள் பார்வைக்கு இனிமையாக இருக்கும்வரைதான் இருப்பாள் என்ற முடிவு வரும்.

கணக்கெடுப்புகளும் இதற்கு வலுச் சேர்க்கின்றன. 1926 முதல் 1999 வரையிலான ஹாலிவுட் நடிகர்களின் தொழில் வாழ்க்கையை ஆராய்ந்து ஆன் லிங்கனும் மைக்கேல் ஆலனும் 2004இல் வெளியிட்ட ஆய்வு, வயது ஏற ஏற நடிகைகளின் வாய்ப்பு நடிகர்களைவிட வேகமாகச் சரிவதைக் காட்டியது. 2015இல் 37 வயது மேகி ஜிலன்ஹால், 55 வயது நடிகருக்குக் காதலியாக நடிக்கத் தனக்கு வயது அதிகம் என்று சொல்லப்பட்டதை வெளியிட்டார். ஆக இது தமிழ் நோய் மட்டும் அல்ல.

இந்தப் பதில் தமிழ்ச் சூழலில் தடுமாறும் இடம் அம்மா. இங்கே வயதேறிய நடிகை திரையிலிருந்து மறைவதில்லை, பீடத்தில் ஏற்றப்படுகிறாள். எம்.ஜி.ஆர். படங்களின் பெயர்களே போதும்: ‘தாய் சொல்லைத் தட்டாதே’, ‘தாயைக் காத்த தனயன்’, ‘தாயின் மடியில்’, ‘தாய்க்குத் தலைமகன்’. தாய் வேடத்தைத் தாழ்வு என்று எப்படிச் சொல்வது என்று கேட்கிறவர்களிடம் நியாயம் இருக்கிறது. ‘தென்மேற்குப் பருவக்காற்று’ (2010) தாய்க்காகச் சரண்யா பொன்வண்ணன் சிறந்த நடிகைக்கான தேசிய விருது பெற்றார். ‘நாயகன்’ (1987) படத்தில் அவரே ஏற்ற நீலாவைவிடக் கனமான வேடம் அது. ஆனாலும் அதுபோல் எழுதப்பட்ட தாய்கள் எத்தனை பேர்? மீதிப் பேர் ஆசீர்வதிக்கிறார்கள், அழுகிறார்கள், இடைவேளைக்கு முன் இறந்து மகனுக்குப் பழிவாங்கக் காரணம் தருகிறார்கள். சொந்த ஆசை அவர்களுக்கு அனுமதிக்கப்படுவதில்லை. பீடத்தில் ஏறியவர் இறங்கி நடக்க முடியாது.

கல்யாணக் கணக்கு

மூன்றாவது பதில் சினிமாவைவிட்டு வீட்டுக்குப் போகிறது. நாயகி என்பவள் கல்யாணத்துக்கு நிற்கும் பெண். ஆகவே கல்யாணச் சந்தையின் வயதுதான் நடிகர் தேர்வின் வயதும் என்கிறார்கள் இத்தரப்பினர்.

இந்தக் கல்யாண வயதுக் கவலையை நேரில் பார்க்கப் பொருத்தமான ஊர் அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடி. கொள்ளிடத்தின் வடகரையில், வைத்தியநாத சுவாமி கோயிலில், பங்குனிப் புனர்பூசத்தன்று நந்தி தேவருக்கும் சுயசாம்பிகைக்கும் திருமணம் நடக்கிறது. மாப்பிள்ளை திருவையாற்றிலிருந்து வருகிறார். ‘நந்தி கல்யாணம் கண்டால் முந்திக் கல்யாணம்’ என்பது வட்டார வழக்கு. கல்யாணம் தள்ளிப்போகும் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு பெற்றோர் வருகிறார்கள். வேண்டுதல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொதுதான் என்றாலும் ‘வயசு ஏறிக்கிட்டே போகுது’ என்ற கவலை இரண்டு வீட்டிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. சட்டமும் இதைச் சமன் செய்யவில்லை: 1929 சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்றது, 1978 திருத்தம் 18, 21 என்று ஆக்கியது. மனைவி இளையவளாக இருப்பாள் என்ற எதிர்பார்ப்பு சட்டப் புத்தகத்திலேயே பதிந்திருக்கிறது.

மரபின் கதைகள் இந்த வாதத்துக்கு இன்னும் ஆழம் தருகின்றன. கல்யாணத்திலிருந்து தப்ப இளமையைத் துறந்து கிழவியானவர் என்று ஔவையைக் கதை சொல்கிறது. காரைக்கால் அம்மையார் அழகை உதறிப் பேயுரு கொண்டார். இருவரையும் திரையில் சுந்தராம்பாள் ஏற்றார். ‘காரைக்கால் அம்மையார்’ (1973) படத்தில் இளம் புனிதவதிக்கு லட்சுமி, முதிய அம்மையாருக்கு சுந்தராம்பாள். தன் இஷ்டப்படி ஊர் சுற்றவும் பாடவும் அரசனிடம் வாதாடவும் ஒரு பெண்ணுக்கு முதுமைதான் உரிமைச்சீட்டாக இருந்திருக்கிறது. அதை விரித்துச் சொல்லும் கதைகளை நம் சினிமா ஏன் தொடரவில்லை என்பது விந்தை. முதிய பெண்ணை நடுவில் நிறுத்திய பெரும் வெற்றிப்படமான ‘அவ்வை சண்முகி’யில்கூட (1996) அந்த வேடம் கமலுக்குப் போயிற்று. படத்தின் பெயரே மேடையில் ஔவையாக நடித்துப் புகழ்பெற்ற டி.கே. சண்முகத்தை நினைவூட்டுவது.

கல்யாண வாதத்தின் பலவீனம் நாயகன் பக்கம் இருக்கிறது. எந்த வீட்டிலும் அறுபத்து நான்கு வயது மாப்பிள்ளைக்கு இருபத்தேழு வயதுப் பெண்ணைப் பார்ப்பதில்லை. ‘லிங்கா’வில் (2014) ரஜினிக்கும் சோனாக்ஷி சின்ஹாவுக்கும் அந்த இடைவெளிதான். வழக்கம் மூன்று வயது, ஐந்து வயது வித்தியாசத்தை விளக்கும். முப்பதை விளக்காது.

‘அவர்களே போய்விட்டார்கள், கல்யாணம் ஆனதும் நடிப்பை நிறுத்தினார்கள்’ என்பது இதன் கிளை வாதம். உண்மையில் பலர் நிறுத்தினார்கள். நடிகர்கள் யாரும் கல்யாணத்துக்காக நிறுத்தவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

யார் முதலாளி, யார் தலைவர்

நட்சத்திர முறையையே காரணமாகக் காண்பவர்கள் நான்காம் தரப்பு. தமிழகத்தில் நாயகன் நடிகன் மட்டும் அல்ல. மன்றம், கொடி, கட்சி என்று அவன் பின்னால் ஓர் அமைப்பு வளர்கிறது. 1977இல் முதலமைச்சரானபோது எம்.ஜி.ஆருக்கு அறுபது வயது. அவருடைய கடைசி நாயகப் படம் அதற்குப் பிறகு, 1978 தொடக்கத்தில் வந்தது. அந்தப் பிம்பத்தை விரிவாக ஆராய்ந்தவர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் (1992). தலைவனுக்கு மூப்பு வரக்கூடாது என்பதால் அவன் பக்கத்தில் நிற்பவளை அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கிறது. சரோஜாதேவி, ஜெயலலிதா, மஞ்சுளா, லதா என்று அந்த வரிசை நீள்கிறது. நாயகியின் இளமை இங்கே அவளுடைய சொத்து அல்ல, நாயகனின் வயதை மறைக்கும் திரை. கேட்ட பதில்களில் இரட்டை வேடப் படங்களின் கணக்கை நேராக விளக்குவது இதுதான் என்று தோன்றுகிறது.

இதோடு தொழில் நிலைமை சேர்கிறது. வடக்கிலிருந்து மாடலிங் வழியே வருபவருக்குக் குரல் கொடுக்க டப்பிங் கலைஞர் இருக்கிறார். மொழி தடையில்லை என்றால் ஆளை மாற்றுவது எளிது. எளிதில் மாற்றக்கூடியவர் பேரம் பேச முடியாது. மாற்ற முடியாதவர்களாக நின்றவர்களைப் பார்த்தால் பெரும்பாலும் கையில் தயாரிப்பு இருந்திருக்கிறது. பானுமதிக்குப் பரணி ஸ்டூடியோ இருந்தது. ‘சண்டிராணி’யை (1953) அவரே இயக்கினார், ‘அன்னை’ (1962) படத்தில் தாய்மையையே கதையின் மையமாக்கி நடித்தார். சௌகாருக்குக் ‘காவியத் தலைவி’ கிடைத்தது அவரே பணம் போட்டதால்தான். ஜோதிகாவின் மறுவருகைக்குப் பின்னால் அவர் குடும்பத்தின் 2டி நிறுவனம் இருந்தது. ராதிகா ராடான் நிறுவனத்தின் மூலம் ‘சித்தி’ (1999–2001) தந்தபோது முப்பதுகளின் பிற்பகுதியில் இருந்தார். சினிமா அக்கா வேடம் நீட்டும் அந்த வயதில் தொலைக்காட்சியில் அவர்தான் நாயகி.

ஆனால் இதை முழுத் தீர்வாகக் காட்டுவதில் ஒரு கசப்பு இருக்கிறது. வேடம் வேண்டுமானால் கம்பெனி தொடங்கு என்று எந்த நடிகரிடமும் யாரும் சொல்வதில்லை.

மாற்றமா, தள்ளிவைப்பா

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஏதோ நகர்ந்திருக்கிறது. நயன்தாராவும் த்ரிஷாவும் நாற்பதைத் தொட்டும் நாயகிகளாக நீடிக்கிறார்கள். ‘96’ (2018) முப்பதுகளின் பின்பகுதியில் நிற்கும் இருவரின் காதலைச் சொன்னது. ‘ப. பாண்டி’யில் (2017) ரேவதிக்கும், ‘சில்லுக்கருப்பட்டி’யில் (2019) லீலா சாம்சனுக்கும் பிற்காலக் காதல் எழுதப்பட்டது. ‘ஜே பேபி’ (2024) முழுக்க ஊர்வசியின் படம். ரஜினியே ‘காலா’வில் (2018) ஈஸ்வரி ராவையும் ‘ஜெயிலர்’ (2023) படத்தில் ரம்யா கிருஷ்ணனையும் மனைவியாக ஏற்றார்.

இதை இரண்டு விதமாகப் படிக்கலாம். எல்லைக்கோடு உடைகிறது என்பது ஒன்று. முப்பதில் இருந்த கோடு நாற்பதுக்குத் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவே என்பது இன்னொன்று. ‘ஜெயிலர்’ தம்பதிக்கும் இடையே இருபது வயது இருக்கிறது. ‘ப. பாண்டி’யிலும் ரேவதி நாயகனைவிடப் பதினைந்து வயதுக்கு மேல் இளையவர். இப்போதைக்கு இரண்டாவது வாசிப்பின் பக்கமே சான்றுகள் கூடுதலாக இருக்கின்றன.

சட்டத்தின் வாயிலாக

இந்த வயது பேதத்தைச் சட்டம் தடுக்குமா என்றால், இங்கே நீண்ட நேரம் நிற்க ஒன்றுமில்லை. அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் என்று பட்டியலிடுகிறது, வயது அதில் இல்லை. 1981இல் ஏர் இந்தியா விமானப் பணிப்பெண்கள் வழக்கில் உச்ச நீதிமன்றம் முதல் கர்ப்பத்தோடு வேலை முடியும் என்ற விதியை நீக்கியது, 35 வயது ஓய்வு வரம்பை அடியோடு தள்ளவில்லை. கலிஃபோர்னியா 2016இல் திரைத் தகவல் தளத்தில் நடிகர்களின் வயதை மறைக்கச் சட்டம் போட்டது. பேச்சுரிமைக்கு முரண் என்று 2018இல் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2020இல் மேல்முறையீடும் தோற்றது. ஒரு வேடத்துக்கு யார் பொருத்தம் என்பது கலைத் தேர்வு. அதை நீதிமன்றத்தில் வைத்து அளப்பது சிரமம், ஒருவேளை விரும்பத்தக்கதும் அல்ல.

தீராத பகுதி

மேலே பார்த்த பதில்களில் எதுவும் தனியாக நிற்கவில்லை. கேமராவின் பார்வை உலகம் முழுவதற்கும் பொருந்தும், ஆனால் நம் அம்மாக்களை விளக்காது. கல்யாண வழக்கம் தொடக்கத்தை விளக்கும், முப்பது வயது இடைவெளியை விளக்காது. நாயக வழிபாடு அந்த இடைவெளியை விளக்குகிறது. ஆனால் பெரிய நாயகர்கள் இல்லாத சிறு படங்களிலும் ஏன் நாற்பது வயதுப் பெண்ணுக்குக் காதல் அரிதாக இருக்கிறது என்ற இடத்தில் அதுவும் திணறுகிறது. அங்கே எழுத்தாளர்களின் சோம்பலும் ஒரு காரணமோ என்னவோ. கதை எழுதும் அறையிலும் கேமராவுக்குப் பின்னாலும் பெண்கள் கூடினால் இது மாறுமா என்பது இன்னும் சோதனையில் இருக்கும் கேள்வி. ஹலிதா ஷமீம், லட்சுமி ராமகிருஷ்ணன் போன்ற பெண் இயக்குநர்களின் படங்கள் மாறும் என்று சொல்கின்றன, எண்ணிக்கை இன்னும் போதாது.

சந்தை வாதத்தைப் பற்றி மட்டும் உறுதியாக ஒன்று சொல்லலாம். ரசிகர் ஏற்க மாட்டார் என்பதற்கு இதுவரை காட்டப்பட்டிருப்பது ஊகம், ஏற்றுக்கொண்டார் என்பதற்கு இருப்பது ‘ஔவையார்’ முதல் ‘36 வயதினிலே’ வரை ஓடிய படங்கள். மெய்ப்பிக்கும் பொறுப்பு தயாரிப்பாளர்களுடையது. நாற்பத்தைந்து வயது நடிகையைக் கதையின் நடுவில் வைத்து, பெரிய நாயகன் படத்துக்குத் தரும் முதலீட்டையும் திரைகளையும் பண்டிகை நாளையும் அதற்கும் தந்து, தொடர்ந்து சில ஆண்டுகள் பார்த்த பிறகு, ஜனங்கள் பார்க்க மாட்டார்கள் என்று அவர்கள் சொல்லட்டும்.